கடைசி ஐந்து மீற்றர்

இந்த விளையாட்டில் பெட்டியைக் கண்டுபிடிப்பவர் முதலில் உள்ளே இருக்கும் கொப்பியில் பெயரும் திகதியும் எழுதவேண்டும். பிறகு பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிடவேண்டும். நீங்கள் எழுதவில்லை, ஐயா. பெட்டியையும் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்திருக்கிறீர்கள். பரவாயில்லை. தொடக்கத்தில் எல்லோரும் பிழை விடுவார்கள். நானும் விட்டேன்.

என் பெயர் நல்லரத்தினம். கல்குடாவில் தபால்காரன். பத்தொன்பது வருடச் சேவையில் ஒரு கடிதத்தைக்கூட ஒரு நாள் பிந்திக் கொடுத்ததில்லை. கொப்பியில் இருப்பது என் கையெழுத்துத்தான்.

ஹோட்டலுக்கு அத்திவாரம் வெட்டிய பெக்கோ இயந்திரம் பெட்டியை மேலே கொண்டுவந்தது என்கிறீர்கள். அங்கேதான் என் முதல் பிழை. பெட்டியைப் புதைக்கக்கூடாது என்பது விதி. கல்லிடுக்கில் வைக்கலாம், மரப்பொந்தில் வைக்கலாம். மண்ணைத் தோண்டக்கூடாது. நான் அப்போது புதியவன். அத்துடன் அந்த இடத்தில் மண் ஏற்கெனவே தோண்டியிருந்தது.

பெட்டிக்குக் கீழே இருந்தவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் விளையாட்டைச் சொல்லவேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது.

சுனாமிக் கடல் வந்து இரண்டு மாதத்தில் கிர்ஸ்தன் என்ற டென்மார்க் பெண் வந்தாள். எங்கே கிணறு இருந்தது, எங்கே வீடு இருந்தது, எங்கே யாரைப் புதைத்தார்கள் என்று குறிப்பது அவள் வேலை. ஒழுங்கைகள் தெரிந்த ஆள் வேண்டும் என்றாள். வேலிகளும் படலைகளும் போனபிறகு விலாசங்கள் என் தலைக்குள் மட்டும்தான் மிச்சமிருந்தன. என்னைக் கூட்டிக்கொண்டாள்.

அவளிடம் மஞ்சள் நிறக் கருவி ஒன்று இருந்தது. ஒரு சின்ன ரோச் லைற் அளவு. வானத்திலிருக்கும் செய்மதிகளைக் கேட்டு நீங்கள் நிற்கும் இடத்தை எண்ணாகச் சொல்லும். வடக்கு ஏழு பாகை, கிழக்கு எண்பத்தொரு பாகை. கல்குடாவில் எல்லோருக்கும் அது பொது. பின்னால் வரும் தசமங்களில்தான் மனிதர் வேறுபடுகிறார்கள். எனக்கு உடனே பிடித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் விளையாட்டைப் பழக்கினாள். ஒருவர் பெட்டியை ஒளித்துவிட்டு எண்ணைக் கொடுப்பார். மற்றவர் கருவியுடன் போய்த் தேடுவார். பெட்டிக்குள் கொப்பி, பென்சில், சில சின்னச் சாமான்கள் இருக்கும். ஒன்றை எடுத்தால் அதற்குச் சமமான ஒன்றை வைக்கவேண்டும். சாமான்கள் சுத்தமாக, ஈரமில்லாமல் இருக்கவேண்டும்.

புதியவர் கவனிக்கவேண்டியவை கொஞ்சம்தான். தென்னைகளுக்குக் கீழே நின்று பார்க்கக்கூடாது, எண் தள்ளாடும். வெளியில் நின்று பொறுமையாக இருக்கவேண்டும். நின்றபடி அம்புக்குறியை நம்பக்கூடாது. நின்றால் அதற்குத் திசை மறந்துவிடும், நடந்தால்தான் திசை வரும். முக்கியமானது, கருவி உங்களை ஐந்து மீற்றருக்குள்தான் கொண்டுவந்து விடும். வந்ததும் இரண்டு முறை கூவும். கடைசி ஐந்து மீற்றரைக் கண்ணாலும் கையாலும் தேடவேண்டும்.

இனி விஜிதரன். பெட்டிக்குக் கீழே இருந்தவர் அவர்தான்.

கடல் வந்த மூன்றாம் நாள் கரையோரத் தாழம்புதருக்குள் நான் அவரைக் கண்டேன். நாய்கள் நின்றன. உதவிக்கு ஆள் இல்லை. தனியாகவே குழி தோண்டி அடக்கம் செய்தேன். மரியாதையாகச் செய்தேன், முகத்தைத் துடைத்தேன். மனைவி அஜந்தாவிடம் கொடுப்பதற்காக நான்கு சாமான்களை எடுத்துவைத்தேன். சீப்பு, கைமணிக்கூடு, வீட்டுப் பூட்டின் திறப்பு, மோதிரம்.

அஜந்தா வாழைச்சேனையில் பாடசாலை முகாமில் கால் முறிந்து, காய்ச்சலில் கிடந்தாள். இப்போது ஒன்றும் சொல்லவேண்டாம் என்று டொக்டர் சொன்னார். சொல்லவில்லை. மாசிக் கடைசியில் கருவி வந்தது. விஜிதரனின் இடத்தை அதில் முதலாம் இலக்கமாகப் பதிந்தேன். நான்கு சாமான்களையும் கொப்பியையும் ஒரு சாப்பாட்டுப் பெட்டிக்குள் போட்டு அவர் தலைமாட்டில் வைத்தேன். என் முதல் பெட்டி அது.

சித்திரையில் கிர்ஸ்தன் ஊருக்குப் போனாள். கருவியை எனக்கே தந்தாள். அன்று பின்னேரம் இலக்கத்தை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அஜந்தாவின் தற்காலிகக் கொட்டிலுக்குப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன், ஐயா. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் பிளேன்ரீ தந்தாள். அன்று காலை நான் கொடுத்த கடிதம் மடியில் கிடந்தது. சுவிஸிலிருந்து அக்கா எழுதியது.

"அக்கா வரச்சொல்லி நிக்கிறா அண்ணன். எல்லாம் சரியாம்."

"நீ போவன் பிள்ள."

"எப்பிடிப் போற? இடம் தெரியாம, செத்தவருக்குப் படைக்கிற அமுதும் நான் அவருக்குக் குடுக்கல்ல. தாலியும் கழட்டல்ல. இடத்தக் கண்டு, ஒரு விளக்கு வைச்சு, அமுதக் குடுத்துப்போட்டு அடுத்த நாளே வெளிக்கிட்டிருவன். மறுகா இந்தப் பக்கம் திரும்பியும் பாக்க மாட்டன்."

பிளேன்ரீ நன்றாக இருந்தது. குடித்துவிட்டு வந்தேன். தாள் பையிலேயே இருந்தது. நாளைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் போனபோதும் பிளேன்ரீ தந்தாள்.

அவளை நான் விரலாலும் தொட்டதில்லை. அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் முகாமில் அவள் எப்படிக் கிடந்தாள் என்று நான் பார்த்திருக்கிறேன். முகத்தை மறைப்புக்குக் கட்டிய தறப்பாள் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தாள். அப்படிப்பட்டவளை முன்பின் தெரியாத குளிர் தேசத்துக்கு அனுப்பினால் அங்கேயும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் கிடப்பாள். அவளுக்கு நடக்கவேண்டியிருந்தது. அம்புக்குறிக்கும் அப்படித்தானே.

அடுத்த போயா நாளில், பௌர்ணமி விடுமுறையில், தேடத் தொடங்கினோம். முதலில் புதைத்தவர்களை வெள்ளைக்காரர் வேறு இடங்களுக்கு மாற்றியிருக்கிறார்கள், அந்த இலக்கங்கள் என்னிடம் இருக்கின்றன என்று சொன்னேன். ஓட்டமாவடி முனாப்பின் ஆட்டோ. மூன்று சோற்றுப் பார்சல். கருவி மாவு டின்னுக்குள். சோதனைச்சாவடியில் அது அகப்பட்டால் விளையாட்டு என்று சொல்லி விளங்கப்படுத்த முடியாது.

முனாப் இருந்தால் சிரிப்புக்குக் குறைவில்லை.

"அண்ணன், இந்தச் சாமானுக்கு மெய்யாவே வழி தெரியுமா? இல்லாட்டி நம்மளச் சும்மா சுத்திக் காட்டுதா?"

"நீங்க றோட்டப் பாத்து ஓட்டுங்க காக்கா," என்றாள் அஜந்தா. "போன முறை ஒரு ஆட்ட அடிக்கப் பாத்தீங்க."

"அது என்ட மாமிட ஆடு தங்கச்சி. மாமி மாதிரித்தான். நடு றோட்டுல நிண்டா நிண்டதுதான், ஹோனுக்கும் அசையாது."

கடல் வந்தபிறகு அவள் சிரித்ததை நான் முதல்தடவை கேட்டது அங்கேதான். நாசிவன்தீவுத் துறைக்குப் போகும் வழி. நேரம் பத்து இருபது.

மூன்று மாதம் தேடினோம். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை. ஆடியில் அவள் களைத்துப்போனாள்.

"போதும் அண்ணன். நாம எல்லாத்தையும் விட்டுருவம். அக்காட்ட வாறன் எண்டு சொல்லப்போறன்."

அந்தக் கிழமை நான் விஜிதரனிடம் போய்ச் சீப்பை எடுத்தேன். கொப்பியைப் பாருங்கள், இருக்கிறது. 'சீப்பு எடுத்தேன். புதிய சீப்பு வைத்தேன். நல்லரத்தினம்.' சீப்பை வேறொரு பெட்டியில் போட்டுப் பேத்தாழைக் கரையில் தண்ணீருக்குள் நிற்கும் கண்ணா மரங்களின் வேர்களுக்குள் வைத்தேன். கூடவே அடுத்த இலக்கம் எழுதிய சீட்டு. இந்த விளையாட்டில் அப்படி ஒரு வகை உண்டு. ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்கு வழி சொல்லும். சீட்டில் எண்கள் மட்டும்தான். எண்ணைப் பார்த்து யாருடைய கை என்று சொல்லமுடியாது.

இடுப்பளவு தண்ணீரில் நின்று அவளே அதைக் கண்டெடுத்தாள். அவரை மாற்றிய வெள்ளைக்காரர் வைத்த அடையாளம் என்று நம்பினாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். அன்று ஒரு முழுப் பார்சலும் சாப்பிட்டாள். முனாப்பைக் கேளுங்கள்.

பிறகு சண்டை கூடியது. வாகரைச் சனம் இடம்பெயர்ந்து வந்து பாடசாலைகள் நிறைந்தன. ஒன்றரை வருடம் கருவி கோழிக்கூட்டுக்குள் கிடந்தது. அக்கா கடிதம் எழுதிக்கொண்டே இருந்தா. ஒவ்வொன்றையும் வந்த அன்றே கொடுத்தேன். அஜந்தா ஒரே பதிலைத்தான் எழுதினாள். இன்னும் இடம் கிடைக்கவில்லை.

இரண்டாயிரத்து ஏழின் கடைசியில் மணிக்கூட்டைக் கண்டுபிடித்தாள். அது ஒன்பது இருபத்தைந்தில் நின்றிருந்தது. அதற்குச் சமமாக என் மணிக்கூட்டை விஜிதரனிடம் வைத்தேன். சாவி கொடுத்துத்தான் வைத்தேன். ஒரு நாளாவது ஓடியிருக்கும்.

இரண்டாவது பிழை திறப்பில் நடந்தது. சண்டை முடிந்த வருடம், புரட்டாதி மாதம். பெட்டிக்குள் ஈரம் இறங்கித் திறப்பு துருப்பிடித்திருந்தது. சாமான்கள் சுத்தமாக இருக்கவேண்டும் என்ற விதி எனக்குள் ஊறிவிட்டது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மணலால் தேய்த்து, தேங்காயெண்ணெய் பூசினேன். அழகாக வந்தது. அதை ஒரு கல்லிடுக்கில் வைத்தேன்.

அஜந்தா அதை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். முகர்ந்தாள்.

"எண்ண மணக்குது."

நான் சோற்றுப் பார்சல்களை அவிழ்க்கத் தொடங்கினேன்.

"அஞ்சு வருசம் கிடந்த திறப்பா அண்ணன் இது? ஒரு துரு இல்ல. இது ஆரோ இடுப்பில வைச்சிருந்த திறப்பு. நேத்து வரைக்கும் வைச்சிருந்த திறப்பு." அவள் மணலில் குந்திவிட்டாள். "அவர் இருக்கார்."

முனாப் என்னைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள்.

"இருக்கலாம்," என்றேன்.

ஒரு சொல்தான். அதன்பிறகு அவள் வேறு மனுசியானாள். பெரிய பொட்டு வைத்தாள். சிவப்புச் சேலை எடுத்தாள். தாழங்காட்டில் தேடியது போதும், சண்டை முடிந்து சனத்தை அடைத்துவைத்த முகாம்களில் தேடவேண்டும் என்றாள். வவுனியாவுக்கு நான்கு தரம் போனோம். அங்கே முள்ளுக்கம்பிக்குப் பின்னால் நின்றவர்களுக்கு ஒவ்வொருவராகக் கலியாணப் படத்தைக் காட்டினாள். ஒருவர் கண்டதுபோல இருக்கிறது என்று சொன்னார். அவருக்கு எங்கள் மூன்று பார்சல்களையும் கொடுத்துவிட்டாள். நல்ல பயணங்கள் அவை. வரும் வழியில் பாட்டுப் பாடினோம்.

அக்கா காசு கட்டி எடுத்த விசாவின் நாள் முடிந்துபோனது. கடைசியாகத் தொலைபேசியில் அஜந்தா சொன்னது பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. "அவர் வரக்குள்ள வீடு பூட்டிக் கிடந்தா என்ன நினைப்பார், அக்கா?" அதற்குப் பிறகு அக்கா எழுதவில்லை. கல்குடாவுக்குச் சுவிஸ் கடிதம் வருவது நின்றுபோனது.

போன வருடம் ஒரு நாள், கல்குடாக் கரையிலேயே சாப்பிடுவோம் என்றாள். நான் வேறு இடம் சொன்னேன், கேட்கவில்லை. தானே நடந்து தாழைகளுக்குப் பக்கத்தில் ஒரு மேட்டில் குந்திப் பார்சலை அவிழ்த்தாள். விஜிதரன் வந்ததும் முதலில் தலைமயிரை வெட்டச் சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் காட்டுக்குள் இருந்தால் தாடி எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று முனாப் கையால் அளந்து காட்டினான். எல்லோரும் சிரித்தோம். அப்போது மடியிலிருந்த கருவி இரண்டு முறை கூவியது. அன்று விடியக்காலை நான் மட்டும் விஜிதரனிடம் வந்து கொப்பியில் எழுதிவிட்டுப் போயிருந்தேன். கருவி தேடும் இடத்தை முதலாம் இலக்கத்திலிருந்து மாற்ற மறந்துவிட்டேன்.

"என்ன சத்தம் அண்ணன்?"

"பற்றரி முடியப்போகுது."

அவள் பாதி மீன் பொரியலை என் இலையில் வைத்தாள். நாங்கள் ஒரு மணித்தியாலம் அங்கே இருந்தோம்.

இந்த வருடம் தை மாதம் ஹோட்டல்காரர் வேலி போட்டார்கள். அதற்கு முதல் நாள் போய் மோதிரத்தை எடுத்தேன். சமமாக வைக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அப்படியே எழுதியிருக்கிறேன். நான் தெரிந்து மீறிய விதி அது ஒன்றுதான். அதை ஒத்துக்கொள்கிறேன். இடம் தெரிந்தும் ஆறு வருடம் சொல்லாததும் நான்தான், சாமான்களை வைத்து வைத்து எடுக்கவிட்டதும் நான்தான். முனாப்புக்கு ஒன்றும் தெரியாது.

நீங்கள் கேட்டீர்கள், நான் சொல்லிவிட்டேன். எனக்கு இப்போது நிம்மதியாக இருக்கிறது. ஒரேயொரு உதவி, ஐயா.

வெளியில் வாங்குப் பலகையில் சிவப்புச் சேலையுடன் இருக்கிறாளே, அவள்தான் அஜந்தா. ஏதோ தபால் விசாரணை என்று நினைத்து எனக்குச் சோறு கொண்டுவந்திருக்கிறாள். இந்தப் பெட்டியை அவளுக்கு இன்று காட்டவேண்டாம். அடுத்த போயா வரைக்கும் பொறுங்கள். மோதிரம் ஏற்கெனவே ஒரு பெட்டிக்குள் இருக்கிறது, மினுக்கி வைத்திருக்கிறேன். கருவியும் அவளிடம்தான். இலக்கத்தை நேற்று அவளே பதிந்தாள், இப்போது நன்றாகப் பழகிவிட்டாள். நீங்களும் எங்களுடன் வாருங்கள், முனாப்பின் ஆட்டோவில் இடம் இருக்கும். அதைக் கண்டெடுக்கும்போது அவள் முகத்தை ஒருமுறை பாருங்கள். அதற்குப் பிறகு சொல்லுங்கள், நான் அவளுக்கு என்ன குறை வைத்தேன் என்று.