பூனை நக்கும் பிள்ளை

பஸ் இன்னும் கரியில் ஓடிய காலம். நாகர்கோவில் போகும் வண்டியில் எனக்கு முன்சீட்டில், கைக்குழந்தையோடு இருந்த குளச்சல்காரி பக்கத்துச் சீட்டு அக்காளிடம் அலுத்துக்கொண்டாள்.

"எம் பிள்ளைய எங்க கிடத்தினாலும் பூனை வந்து நக்குது அக்கா."

"ஏட்டி, மேல பாலு கொட்டினியா?"

"இல்ல. தோலு வறண்டு சொறியா கிடந்துது. தேங்காப்பாலு காச்சி, எண்ண எடுத்துத் தேச்சேன்."

"எந்தச் சட்டியில காச்சின?"

"மீன் வைக்கிற சட்டியிலதான். நல்லா கழுவினேன்."

"கழுவினா மீன்சட்டி மணம் போவுமா? சரி, சொறி போச்சா?"

"சொறி போச்சு. பூனைதான் போவமாட்டேங்கு."

அக்காள் குழந்தையை வாங்கி, வழவழத்த கன்னத்தைத் தடவினாள். உச்சியை முகர்ந்து பார்த்தாள்.

"எங்க வீட்டுல எலி தாங்க முடியல்ல. இவன ரெண்டு நாளு அங்க விடு மக்கா. பூனையும் பொறத்தால வரும்லா?"