பொன்னாடையில் ஏறிய காட்டு ரோஜா

ரோஜா என்பது எது? மணம் வேண்டுமா, இதழ் வேண்டுமா, முள் மட்டும் போதுமா? எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி மேடையேறும் துணிச்சலைப் பொறுத்தருள வேண்டும், அவைத்தலைவர் சதாசிவம் ஐயா அவர்களே, முன்வரிசை முதியோரே, சமையலறையில் நின்றபடியே செவிசாய்க்கும் தாய்மாரே, கைப்பேசியிலிருந்து தலைநிமிராத தங்க இளைஞரே, வணக்கம்!

நமது சான்ட்ரிங்ஹாம் மண்டபத்து வாசற்சரிவில் படர்ந்திருக்கிறதே பிரிபிரிச் செடி, அது நாம் குடியேறிய இந்த நாட்டிலேயே பிறந்தது. மணல்மேட்டிலும் மலைச்சரிவிலும் மண்ணோடு மண்ணாக ஊர்வது. கணுக்கால் உயரமும் இல்லை. ஆனால் தாவரவியலார் அதை ரோஜாக் குடும்பம் என்கிறார்கள்.

"பூவு எங்கக்கா? காணோமே!" என்கிறார் பின்வரிசைத் திலகா. குனிந்தால் தெரியும், திலகா. நம் சங்கத்தில் பொன்னாடை வாங்கும்போது மட்டும்தானே குனிகிறோம்!

அந்தச் சரிவில் முன்பு நர்சரி ரோஜா வைத்தோம். வாடியது. மறுபடியும் வைத்தோம். மழையில் மண்ணோடு சரிந்து தலைவரின் காருக்கு மலர்வளையம் சாத்தியது. பிறகுதான் கல்யாணி, இதோ, மூன்றாம் வரிசையில் வாடிய முகத்தோடு இருக்கிறாரே, அவர் குளிரிலே முழங்காலிட்டுப் பிரிபிரி நட்டார். கல்லிடுக்கிலும் வேர்விட்டது. களை அடங்கியது. மண் நின்றது. மண் நின்றதும் நம் மானம் போய்விட்டதாம்! நாளைக் காலை பிடுங்குவதென்று சற்றுமுன் கைதூக்கித் தீர்மானித்தோம்.

குற்றம் என்ன? அதன் கொக்கிக் காய் உடையில் ஒட்டுகிறதாம்.

ஆம், ஒட்டும்! சென்ற மாதம் நியூ லின் சங்கத்துச் சிவசாமிக்கு இங்கே பொன்னாடை போர்த்தினோம். அவர் காரேறுகையில் பொன்னாடையின் முனை சரிவில் இழுபட்டதை நான் கண்டேன். இன்று எனக்குப் போர்த்திய புத்தம்புதிய பொன்னாடையைப் பாருங்கள். சரிகையில் என்ன சிரிக்கிறது? பிரிபிரிக் காய்! நம் வாசலில் ஏறி, நியூ லின் கண்டு, ஒருவேளை மவுண்ட் வெல்லிங்டன் சங்க மேடையும் கண்டு, நம்மிடமே திரும்பியிருக்கிறது.

தலைவர் தண்ணீர் குடிக்கிறார். மெல்லக் குடியுங்கள், ஐயா.

ஒட்டியதா குற்றம்? உண்மையை ஒட்டிக்கொண்டு வந்ததல்லவா குற்றம்! மணக்கும் ரோஜா மேடைக்கு மாலையாகும். மணக்காத ரோஜா மண்ணுக்குக் காவலாகும். பிடுங்க வருபவர்களே, பிடுங்குமுன் ஒருமுறை குனியுங்கள்! குனிந்து பாருங்கள்! பார்த்தபின்னும் கை நீளுமா? நீளாது என நம்ப ஆசைதான், உறுதி சொல்லமாட்டேன்.

கல்யாணி, மேடைக்கு வாருங்கள். ஊர்சுற்றிக் களைத்த இந்தப் பொன்னாடை உழைத்த தோளில் ஓய்வெடுக்கட்டும். கேட்டவர்களுக்கும், கேட்பதுபோல் அமர்ந்திருந்தவர்களுக்கும் நன்றி. வணக்கம்.

மறுநாள் நடந்தது இது. கைதூக்கியவர்களில் ஒருவரும் மண்வெட்டியோடு வரவில்லை. மத்தியானம் தலைவர் தொலைபேசியில் அழைத்தார்.

"தங்கச்சி, அந்தச் செடி கிடக்கட்டும். ஞாயிறு நியூ லின்னிலை விழா. கல்யாணியிட்டைக் கேட்டு அந்தப் பொன்னாடையை வாங்கித் தாங்கோ. அதிலை ஒட்டின காய்களையும் ஆய்ஞ்சு விடுங்கோ."

கேட்டேன். கல்யாணி தரவில்லை.