பூங்கோதையின் மாத்திரையை முழுங்கியவர்

வளையலை மாட்டிக்கிட்டே ஒரு சின்னக் கதை கேளுங்க தாய்மாருங்களே… அஞ்சு வகை சாதமும் பின்னாடி ரெடியாத்தான் இருக்கு, எங்கேயும் ஓடிப்போகாது. புருஷன்மாருங்க கொஞ்சம் முன்னாடி வாங்க. கதை உங்களுக்குத்தான்.

எங்க தெருவுல தணிகாசலம்னு ஒருத்தர், லாரிப் பட்டறை வச்சிருக்காரு. ஆளு கறுப்பு. என்னையவிடக் கறுப்புன்னா பாத்துக்குங்க. சம்சாரம் பூங்கோதை, அதுவும் கறுப்பு. இந்த ரெண்டு பேருக்கும் வெள்ளையா ஒரு புள்ள வேணுமாம்… எங்கேருந்துய்யா வரும்?

பூங்கோதைக்கு அஞ்சு மாசம். நர்சம்மா இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாங்க. அதைத் தின்னா புள்ள கறுப்பாப் பொறக்கும்னு பட்டறையில எவனோ கொளுத்திப் போட்டுட்டான். நம்மாளு நேரா வீட்டுக்குப் போயி, டாக்டரே நிறுத்தச் சொல்லிட்டாருன்னு ஒரு பொய்யைச் சொல்லி, கையில குங்குமப்பூப் பாலைக் கொடுத்துட்டாரு.

ஆனா நர்சம்மா லேசுப்பட்டவங்களா? வாராவாரம் பட்டறைக்கே வந்து அவருகிட்ட காலி அட்டையைக் காட்டச் சொல்வாங்க. சரி, மாத்திரையைத் தூக்கிப் போடலாம்ல? போட மாட்டாரு. அரசாங்கம் கொடுத்த பொருளாச்சே… மனசு வரல. தெனம் ஒண்ணா அவரே முழுங்கிட்டாரு!

மூணு மாசம்… மலச்சிக்கல்ல பாதி நாள் கக்கூஸ்லயே குடியிருந்தாரு. அந்தப் பொண்ணுக்கோ நாலு படி ஏறுனா மூச்சு வாங்குது.

எட்டாம் மாசமே வலி வந்துடுச்சு. ஆஸ்பத்திரியில பாத்தா, பதினோரு கிராம் இருக்க வேண்டிய ரத்தம் ஏழு கிராம்தான் இருக்கு. டாக்டரம்மா அட்டையைப் பாக்குறாங்க, பூங்கோதையைப் பாக்குறாங்க. "அத்தனை மாத்திரையும் யாருய்யா தின்னது?"

தணிகாசலம் தரையைப் பாத்துக்கிட்டே, "நான்தாங்கம்மா…"

"புள்ள உங்க வயித்துலயா இருக்கு?"

ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தித்தான் அந்தப் பொண்ணைக் காப்பாத்துனாங்க. புள்ள ஒண்ணரைக் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடக்கு. வெளிய நின்ன தணிகாசலத்துகிட்ட நான் போயி, என்னய்யா, கலரு திருப்தியான்னு கேட்டுட்டேன். என் வாய் அப்படி.

மனுஷன் திரும்பக்கூட இல்ல. "அண்ணே… மூச்சு விடுதான்னு பாத்துச் சொல்லுண்ணே. எனக்குக் கண்ணு மறைக்குது."

நான் கண்ணாடிகிட்ட போயி எட்டிப் பாத்து, மூச்சு விடுதுய்யான்னு சொன்னேன்.

புள்ள பொழைச்சுது. ஆனா எல்லாப் புள்ளையும் பொழைக்குமா? மாத்திரையால எந்தப் புள்ளையும் கறுப்பாகாது ஐயா. கறுப்பானா அதுக்குக் காரணம் உங்க மூஞ்சிதான்! தாய்க்கு ரத்தம் கொறைஞ்சா, நாளுக்கு முந்தியே வலி வரலாம்… ரெண்டு உயிருக்கும் ஆபத்து. காலி அட்டையை நம்பாதீங்க. சம்சாரம் மாத்திரை முழுங்குற வரைக்கும் தண்ணிச் சொம்போட பக்கத்துல நில்லுங்க.