முடித்தவர் பனியன்

அவிநாசிபாளையத்தில் ஏறி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள், புருஷனும் பெண்டாட்டியும். புருஷன் மடியில் ஹெல்மெட், முழங்காலில் கட்டு. ஒரு கூட்டமாகத் திருப்பூரிலிருந்து பழனி வரை சைக்கிளில் போய்த் திரும்பும் வழியில் கால் பிடித்துக்கொண்டதாம். சைக்கிள் பின்னால் வேனில் வருகிறது. அந்தம்மா பஸ் பிடித்துப் போய் ஆளை அழைத்து வருகிறார்.

டிக்கெட் வாங்கியதும் அந்தம்மா தன் பையிலிருந்து ஒரு பனியனை எடுத்தார். நெஞ்சில் பெரிதாக ‘முடித்தவர்’ என்று அச்சடித்திருந்தது.

“ஏனுங்க, இதைப் போட்டுக்கிட்டு எறங்குங்க. பாப்பா வீதி பூராச் சொல்லி வெச்சிருக்கறா.”

“அது முடிச்சவங்களுக்குக் குடுக்கறது.”

“தச்சதே நான் வேலை பாக்கற கம்பெனிதானுங்க. எக்ஸ்ட்ரா பீஸ் ஒரு கட்டுக் கெடக்குது.”

“வேண்டாம்.”

“இன்னுங் கொஞ்ச தூரந்தானுங்களே இருந்துச்சு? சட்டை முழுசாத் தச்சு, ஒரு பட்டன் மட்டும் பாக்கி வெச்ச மாதிரிதானுங்க.”

“பட்டன் இல்லாத பீஸை உங்க செக்கிங்ல நீ பாஸ் பண்ணுவியா?”

அந்தம்மா பனியனை மடியில் வைத்துக்கொண்டார்.

“போன வாரம் கோயிலுக்கு ஒரு பனியன் போட்டுட்டு வந்தீங்களே, ஏதோ வெளிநாட்டுத் தீயணைப்புப் படைன்னு எழுதினது. அதுவும் எக்ஸ்ட்ரா பீஸ்தான். நீங்க எந்தத் தீயை அணைச்சீங்களாமா?”

கண்டக்டர் சிரித்துவிட்டார். புருஷன் சிரிக்கவில்லை. பனியனை வாங்கி, எழுத்து உள்ளே போகும்படி மடித்து அந்தம்மாவின் பையிலேயே வைத்தார்.

“தீயணைக்க நான் போகவே இல்ல, புள்ள. இதுக்குப் போனேன், முடிக்கல.”