கயிற்றுக்கு அந்தப் பக்கம்

— பனிக்கட்டியாம், பனிக்கட்டி! பேப்பர்காரங்க உன் மகளுக்கு வச்ச பேரு. எந்த ஆட்டத்துலயும் முகம் மாறாதாம். தொப்பியை ஒரே ஒரு இழுப்பு இழுப்பாளாம். அடிக்கப் போனவ ஓர் அடி பின்வாங்கி, மறுபடி வந்து நிப்பாளாம். கோல்ஃப் உலகத்துலயே அப்படி ஒரு நிதானம் கிடையாதாம்! இன்னைக்கு எங்கேடா போச்சு அந்த நிதானம்?

— அக்கா, கொஞ்சம் சும்மா இருங்க. ஏற்கெனவே வயிறு எரியுது.

— ஆமாமா, எரியும். கோப்பை வரும்னு வீட்டு அலமாரியில இடம் ஒதுக்கித் தூசி தட்டிட்டு வந்தவனுக்கு எரியாம இருக்குமா?

— ஜெயிச்ச ஆட்டம்க்கா! கடைசிக் குழி. பந்துக்கும் குழிக்கும் நடுவுல இந்தக் கட்டில் நீளம்கூட இல்ல. கண்ணைக் கட்டிவிட்டாலும் பாப்பா போட்டுடுவா. போட்டுட்டா! ஜனங்க கை தட்டறாங்க. அப்பப் பார்த்து அந்த நடுவர் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு வரான், ரெண்டு அடி அபராதம்னு கணக்குல கூட்டறான், கோப்பை வேற ஒருத்திக்குப் போயிடுது.

— எதுக்குன்னு அதையும் உன் வாயாலயே சொல்லேன்.

— பெரிய கொலைக்குத்தம்! அவ பின்னால நான் நின்னேனாம்.

— நிக்கலாமா? அவ அடிக்கறதுக்குக் காலை ஊன்றப்போ, பை தூக்கறவன் பின்னால நின்னு குறி பார்க்கக்கூடாதுன்னு சட்டம் இருக்குதில்ல? உங்க துணியை மடிச்சு வச்சுக்கிட்டு ஊர் ஊரா வர்ற எனக்கே தெரியுது.

— நேத்து முளைச்ச சட்டம்! தூக்கம் வராதவங்க நாலு பேர் உக்காந்து எழுதினது. அவ பல்லு விழுந்து முளைச்ச வயசுலேர்ந்து நான் பின்னால நிக்கறேன். நான் "உம்"னு சொன்னாத்தான் மட்டையே அசையும்.

— பை தூக்கறவனுக்கு அங்கே கேடின்னுதானே பேரு? ஆளைப் பார்த்துத்தான் வச்சிருக்காங்க.

— அக்கா!

— என்னடா அக்கா? பையை வேற ஆளுகிட்டக் கொடுத்துட்டு, நீ கூட்டத்தோட நின்னு கை தட்டுன்னு எத்தனை பேர் தன்மையாச் சொன்னாங்க? அந்தப் பட்டையைக் கழட்டினா உன் தோளும் கூடவே கழண்டு விழுந்துடுமா?

— கூட்டத்தோடயா? நானா? கயித்துக்கு அந்தப் பக்கம் ஐஸ்கிரீம் நக்கிட்டு நிக்கற கும்பலோடயா? அங்கேர்ந்து என்ன தெரியும்? புல்லு எந்தப் பக்கம் படுத்திருக்குன்னு தெரியுமா?

— கிட்ட நின்ன உனக்கு மட்டும் என்ன தெரிஞ்சுது? பிள்ளையோட முதுகு.

— உங்ககிட்டப் பேசி ஆகாது. பாப்பா, ஷூவுல ஒட்டின புல்லை அப்புறம் சுரண்டலாம், நான் சொல்றதைக் கேளு. நாம முறையீடு கொடுப்போம். நீ காலை ஊன்றதுக்கு முன்னாடியே நான் நகர்ந்துட்டேன்னு சொல்லு.

— நீங்க நகரலப்பா.

— சரி, நகரல. மறந்துட்டேன். நீயாவது ஓர் அடி பின்வாங்கி, நான் போனப்புறம் வந்து நின்னிருக்கலாமே! அதுக்கு அந்தப் பாழாப்போன சட்டத்துலயே இடம் இருக்கே! அபராதமே விழுந்திருக்காதே! அப்பன் பின்னால நிக்கறதுகூடத் தெரியாம அப்படி என்ன ஞாபகம் உனக்கு?

— இது நியாயமான கேள்வி. ஏம்மா, தெரியலையா?

— தெரிஞ்சுது அத்தை. அப்பாவோட நிழல் பந்து மேலயே கிடந்துச்சு.

— அடிப்பாவி! தெரிஞ்சுமா அடிச்சே?

— கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். தொப்பியை ஒரு தரம் இழுத்தேன். மறுபடியும் இழுத்தேன். நான் ரெண்டு தரம் இழுத்து நீங்க என்னைக்காவது பார்த்திருக்கீங்களாப்பா?

— நான்... நான் குழியைப் பார்த்துக்கிட்டிருந்தேன்மா.

— ஒவ்வொரு ஆட்டத்துலயும் நீங்க நகர மறந்துடறீங்க. ஒவ்வொரு தரமும் நான்தான் பின்வாங்கி, நீங்க போனப்புறம் வந்து நிக்கறேன். பார்க்கறவங்க அதை நிதானம்னு நினைச்சுக்கிட்டாங்க. பனிக்கட்டின்னு பேரும் வச்சுட்டாங்க.

— தம்பி, கேட்டியா? உன்னை மறைக்கத்தான் பிள்ளை அந்தப் பேரையே சுமந்திருக்கா!

— பாப்பா... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— சொன்னேன்பா. போன வருஷம் சொன்னேன். அப்பனுக்கே பாடமான்னு கேட்டீங்க. ரெண்டு நாள் என்னோட பேசல. அதான் இன்னைக்கு ஒரு தடவை, நீங்களா நகருவீங்களான்னு பார்த்தேன்.

— அதுக்கு இவ்வளவு பெரிய கோப்பையைப் போய்ப் பணயம் வைப்பாங்களா?

— சின்னக் கோப்பையா இருந்தா அப்பாவுக்கு உறைச்சிருக்காது அத்தை.

— சரிம்மா, உறைச்சுடுச்சு. அடுத்த வாரம் பாரு, "உம்"னு சொல்லிட்டு அடுத்த நிமிஷமே ஒதுங்கிடறேன். "உம்"கூட வேண்டாம். வெறுமனே பையை மட்டும் தூக்கிட்டு வரேன். போதுமா?

— அடுத்த வாரம் பையை வேற ஆள் தூக்கறாங்கப்பா. நீங்க கயித்துக்கு அந்தப் பக்கம் நில்லுங்க. அங்கேர்ந்து என் முகம் தெரியும்.