றுஸ்தாட ஓடர்

இல்ல மிஸ், அந்தக் கதிரையில இரிக்காதீங்க, அதுட கால் ஒண்டு ஆடும். இந்தா, இதுல இரிங்க. வாக்குமூலம்தானே, தருவன். ஓடிப் போகமாட்டன். ஆனா நாலு மணிக்கு இந்த கேக் பொப், குச்சியில குத்தின கேக் உருண்டை, நாப்பதையும் குடுத்துரணும். மொன்டிசூரிப் புள்ளைகள்ற கலைவிழா. ஓடர் எடுத்தது என்ட மருமகள் றுஸ்தா. அவளத்தான் நீங்க நேத்து பொலிஸ் ஜீப்புல ஏத்திட்டுப் போயிட்டீங்களே. அப்ப ஆரு செய்யிற? மாமி நான்தானே செய்யணும்.

நீங்க கேளுங்க, நான் உருட்டிக்கிட்டே சொல்றன். கையில வேல இரிந்தாத்தான் எனக்கு ஒழுங்காக் கதைக்க வரும்.

பேர் ஹாஜறா. வயசு அம்பத்தேழு. ஓம், றஸ்மி என்ட மகன்தான். ஒரே மகன். ஆஸ்பத்திரியில தலையில பதினாலு தையலோட கிடக்கிறவன்.

இதுவா? கேக்தான். நேத்து விடியக்காலையில றுஸ்தா சுட்டு வெச்ச. கடையில கேக்க வாங்கி உதுத்துற ஆக்களும் இரிக்காங்க. இவள் அப்படிச் செய்யமாட்டாள். பட்டரயும் சீனியயும் வெள்ளையாகுமட்டும் அடிப்பாள். முட்டைய ஒவ்வொண்டா ஒடச்சி, மணந்து பாத்துத்தான் போடுவாள். சுட்டு ஆறினதும், பாருங்க, இப்படிக் கையால உதுத்துற, புட்டுக்கு மா உதுத்துற மாதிரி. பொறகு கொஞ்சோண்டு பட்டர் ஐசிங் போட்டுப் பிசையணும். கூடினா குச்சியில நிக்காது, வழுகி விழும். குறைஞ்சா வெடிக்கும். அளவு அவள்ற கைக்குத்தான் தெரியும். நான் பக்கத்துல நிண்டு பாத்துப் பழகினதோட சரி.

அவளுக்கும் ஆரும் காட்டிக் குடுக்கல்ல மிஸ். போனப் பாத்துப் படிச்சவள். முதல் தரம் செய்யக்குள்ள உருண்டையெல்லாம் குச்சியால கழண்டு சொக்லட்டுக்குள்ள விழுந்து, ரெண்டு பேரும் கரண்டியால அள்ளித் திண்டம். சிரிச்சிச் சிரிச்சி எனக்கு விக்கல் வந்துட்டு. அப்ப றஸ்மி கட்டார் நாட்டுல வேலையில. அவன் இல்லாத அந்த ரெண்டு வருசம்தான் இந்த வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்ட.

அவள் எப்படி இங்க வந்தாளா? நீங்க விநாயகபுரம் எண்டுதானே சொன்ன, உங்களுக்கும் தெரிஞ்சிரிக்கும். எங்கட பக்கத்துல மாப்புளதான் பொண்ணுட வீட்டுக்குப் போற. பொண்ணுக்கு வீடு கட்டிக் குடுக்காமக் கலியாணமே இல்ல. இவளுக்கு ஆரு கட்டிக் குடுக்கிற? சுனாமியில உம்மா, வாப்பா, வீடு எல்லாம் ஒரே காலையில போயிட்டு. அப்ப அவளுக்கு அஞ்சு வயசு. சாய்ந்தமருதுல சாச்சிதான், அவள்ற உம்மாட தங்கச்சி, வளத்த. வீடு இல்லாத புள்ள, நம்மட வீட்டுல வந்து இரிக்கட்டும் எண்டு நான்தான் பேசி எடுத்தன். ஊரெல்லாம் என்ன மெச்சின. நானும் என்ன மெச்சிக்கிட்டன். போறத்துக்கு வேற இடமில்லாத புள்ளையத்தான் எடுக்கன் எண்டு அப்ப நான் யோசிக்கல்ல. என்ட மகன் யோசிச்சிரிந்தானோ என்னமோ.

மூணாவது மாசம் கறியில உப்புக் கூட எண்டு பீங்கான எடுத்து அவள்ற முகத்துல எறிஞ்சான். வலப்பக்கத்துப் புருவத்துல தழும்பு இரிக்கி, பாத்திரிப்பீங்க. நான் என்ன செஞ்ச தெரியுமா மிஸ்? குனிஞ்சி பீங்கான் துண்டுகளப் பொறுக்கினன். அவன்ட காலுல குத்திரும் எண்டு.

அவன்ட வாப்பாவும் அடிச்சவருதான். பெல்ட்டால. மௌத்தாகிட்டாரு, அல்லாஹ் அவர மன்னிக்கட்டும். இவன் அந்தக் கதவுக்குப் பின்னால நிண்டு பாத்துக்கிட்டிரிப்பான். அழுவான் எண்டு நெனச்சி நான் அடி வாங்கக்குள்ள சத்தம் போடுறல்ல. அதயும் பாத்துப் படிச்சிரிக்கான், பொம்புள சத்தம் போடக்கூடா எண்டு.

சபுறு செய் மகள் எண்டு றுஸ்தாக்குச் சொன்னன். பொறுமையா இரி எண்டுதான். அவன் முடியப் புடிச்சி இழுத்துட்டுப் போனாலும் சபுறு செய். செவிட்டுல அறஞ்சி காதால ரெத்தம் வந்தாலும் சபுறு செய். வேற ஒரு சொல்லும் எனக்குத் தெரியல்ல.

பொறகு அவள் புள்ளத்தாச்சியானாள். நாலு மாசம். என்னத்துக்கோ வாய் காட்டினாள் எண்டு வயித்துல உதச்சான். ஒரு தரமில்ல. சுவரோட சாய்ஞ்சி கீழ இரிந்தவள எழுப்பி நிக்க வெச்சி உதச்சான். நான் நடுவுல போனன், என்னத் தள்ளி உட்டான். ஆஸ்பத்திரியில டொக்டர் கேட்டாரு, என்னம்மா நடந்த எண்டு. கிணத்தடியில வழுகி விழுந்துட்டாள் டொக்டர் எண்டு சொன்னன். நான்தான் சொன்ன. கட்டில்ல படுத்துக்கிட்டு அவள் என்னப் பாத்தாள். புள்ள தங்கல்ல.

அதுக்குப் பொறகு சாச்சி வீட்டுக்குப் போயிட்டாள். அங்கயே உட்டிரிக்கலாம். நான் அபாயாவப் போட்டுக்கிட்டு, அடுத்த வீட்டு நூஹுட ஓட்டோவுல போயி, மாமி நான் இரிக்கன், இனி ஒண்டும் நடக்காது எண்டு சொல்லிக் கூட்டிட்டு வந்தன். ரெண்டு தரம் போயிக் கூட்டிட்டு வந்தன் மிஸ். ரெண்டு தரமும் அதே சொல்லத்தான் சொன்ன.

இந்தக் குச்சிப் பெட்டிய இங்கால தாங்க. குச்சிட நுனிய முதல்ல சொக்லட்டுல தொட்டு, பொறகு உருண்டைக்குள்ள குத்தணும். பாதிக்கு மேல போகக்கூடா. குத்திட்டு பிரிஜ்ஜில வெச்சா இறுகிப் புடிச்சிக்கும்.

எட்டு மாசத்துக்கு முதல் கட்டார்ல இரிந்து வந்தான். வந்து பாத்தா இந்தத் தெரு ஒழுங்கையில அவன்ட பேர் ஒருத்தருக்கும் தெரியா. கேக் றுஸ்தா வீடு எண்டாத்தான் ஓட்டோக்காரனுக்கும் தெரியும். தேத்தண்ணிக் கடையில ஆரோ கேட்டிரிக்கான், நீங்க கேக் றுஸ்தாட மாப்புளயா எண்டு. நூஹுதான் எனக்கிட்ட சொன்னாரு. சும்மா கேட்ட கேள்வி. அண்டைக்குப் பின்னேரம் வந்து கேக் மா அடிக்கிற பீட்டர் மெசின எடுத்துச் சுவருல அடிச்சி ஒடச்சான்.

பொறகு பொப்ப எடுத்தான். கலியாண வீட்டு ஓடர், அறுவது, செஞ்சி முடிச்சி ரெஜிபோம் அட்டையில குத்தி அடுக்கி வெச்சிரிந்த. கோவம் வந்தா ஒரேயடியாத் தட்டி உடுவான் எண்டுதானே நெனப்பீங்க? இல்ல மிஸ். ஒவ்வொண்டா எடுத்தான். நிலத்துல வெச்சான். செருப்புக் காலால நசிச்சான். அவள முன்னுக்கு நிண்டு பாக்கச் சொன்னான். கண்ண மூடினா அடி. முகத்தத் திருப்பினா அடி. அறுவதும் முடியுமட்டும். நான் கதவோரத்துல நிண்டு பாத்தன். ஓம், அவன் சின்னதுல நிண்ட அதே கதவுதான்.

அவள் அழல்ல. எல்லாத்தயும் கூட்டி அள்ளிட்டு பட்டர வெளிய எடுத்து வெச்சாள். பீட்டர் இல்லத்தானே, மரக் கரண்டியால அடிச்சாள். என்ட கையிலயும் ஒரு கரண்டியத் தந்தாள். அடுத்த நாள் ஓடர் போயிட்டு.

ஓம், நேத்து நடந்தத்துக்கு வாறன். வந்துட்டன்.

சொக்லட்ட நேரா நெருப்புல வெச்சாக் கட்டிபட்டுரும். கீழ சட்டியில தண்ணி கொதிக்கணும், அதுக்கு மேல கோப்பைய வெச்சி அந்த ஆவியில உருக்கணும். இந்தா, இப்படி. ஓம் மிஸ், இந்தச் சட்டிதான். வேற சட்டி இல்ல வீட்டுல.

நேத்து ராவு ஒம்பது மணி இரிக்கும். அவள் இதுல நிண்டு வேற ஒரு ஓடருக்கு சொக்லட் உருக்கிறாள். நான் பின் குசினி அடுப்படியில நிண்ட, கதவால எல்லாம் தெரியும். போன் அடிச்ச. ஒரு சேர், மகள்ற பொறந்த நாளுக்கு கேக் கேட்டு எடுத்திரிக்காரு. சரி சேர், செஞ்சி தாறன் சேர் எண்டு கதச்சாள். றஸ்மி படுத்துக் கிடந்தவன், எழும்பி வந்து போனப் பறிச்சான். ஆருடி இவன் எண்டான். ஓடர் எண்டாள். ஓடர்காரனோட என்னடி சிரிப்பு எண்டான். சிரிக்கல்ல எண்டாள். நான் கேட்டுக்கிட்டுத்தான் நிண்ட மிஸ், அவள் சிரிக்கல்ல.

அடிப்பான் எண்டுதான் நானும் நெனச்ச. அவளும் தலையில கைய வெச்சிக்கிட்டாள். அவன் அடிக்கல்ல. சொக்லட் கோப்பைய ரெண்டு கையாலயும் பக்குவமாத் தூக்கி அங்கால வெச்சான். சிந்தாம. பொறகு அவள்ற வலக்கைய மணிக்கட்டோட புடிச்சி அந்தக் கொதிக்கிற தண்ணிக்குள்ள அமத்தினான். இந்தக் கையாலதானே எல்லாம் செய்யிற எண்டு சொல்லிச் சொல்லி அமத்தினான். எண்ணினான் மிஸ். ஒண்டு. ரெண்டு. மூணு. பள்ளிக்கூடத்துல எண்ணுற மாதிரி.

அவள் போட்ட சத்தம் கடற்கரை மட்டும் கேட்டிரிக்கும். அயல்ல ஒருத்தரும் வரல்ல. அவங்களக் குத்தம் சொல்ல மாட்டன். இத்தின வருசத்துல நான் ஒரு நாளாவது உதவிக்குக் கூப்பிட்டனா?

பொறகென்ன, அவன் விழுந்தான். எப்படியா? இரிங்க, சொல்றன். இத முக்கி எடுக்கக்குள்ள கதைக்க ஏலாது. முக்கித் தூக்கி, குச்சிய இப்படி மெல்லத் தட்டணும், மிச்சம் வடியுமட்டும். பொறகு கலர்ச் சீனியத் தூவி ரெஜிபோம்ல குத்துற. இது கொஞ்சம் கோணல்தான். அவள் செஞ்சா பளிங்குக் குண்டு மாதிரி இரிக்கும். சின்னப் புள்ளைகளுக்குத்தானே, பரவால்ல.

றுஸ்தா உங்களுக்கு ஒண்டும் சொல்லல்லத்தானே? சொல்ல மாட்டாள். அவன்தான் ஓட்டோவுல ஏத்தக்குள்ள சொன்னான், பொஞ்சாதி அடிச்சிட்டாள் எண்டு. நீங்களும் அத எழுதிட்டீங்க. எழுதினவங்க அவள்ற கையப் பாத்தாங்களா மிஸ்? தோலெல்லாம் கையுறை மாதிரிக் கழண்டு கிடக்கு. அந்தக் கையால ஒரு கரண்டியத் தூக்க ஏலுமா? அவன்ட தலைக் காயத்துக்குள்ள கொச்சிக்கா மொளகா இரிந்திச்செண்டு டொக்டர் எழுதிரிப்பாரே, அத வாசிச்சீங்களா? றுஸ்தா சொக்லட் உருக்கிக்கிட்டு நிண்டவள். பின் குசினியில அம்மியில கொச்சிக்கா அரச்சது ஆரு?

ஓம் மிஸ். நான்தான். அவனுக்கும் அது தெரியும், தெரிஞ்சேதான் அவள்ற பேரச் சொன்னான். குழவி அம்மிக்குப் பின்னால இரிக்கி, கழுவல்ல. நீங்க வருவீங்க எண்டு சீலத்துண்டால மூடி வெச்சிரிக்கன்.

நேத்தே சொல்லத்தான் வாயத் திறந்த. ஜீப் வந்து, ஆரு அடிச்ச எண்டு உங்கட சேர் கேக்கக்குள்ள, அவள் என்னப் பாத்துத் தலைய ஆட்டினாள். பேசாதீங்க மாமி எண்டு. ஈரத்துணி சுத்தின கையோட ஏறி இரிந்துட்டாள். நானும் பழைய மாதிரியே சபுறு செஞ்சன். ஜீப் போன பொறகும் வாசல்லயே நிண்டன். விடிஞ்சதும் வரத்தான் வெளிக்கிட்டன். குசினிக்குள்ள இந்தக் கேக்கப் பாத்தன். இந்த ஓடர் போகல்லண்டா நாளைக்கு ஒருத்தரும் அவளுக்குப் போன் எடுக்கமாட்டாங்க. அவள் வெளிய வந்து எதால சீவிக்கிற? அதான் முடிச்சிட்டு வருவம் எண்டு இரிந்துட்டன். நீங்க முந்திட்டீங்க.

இந்தா, நாப்பது. எண்ணிப் பாருங்க, எனக்குக் கண் சரியில்ல. நூஹு ஓட்டோவோட வாசல்ல நிக்காரு, மொன்டிசூரிக்கு அவர் கொண்டு போவாரு. றுஸ்தாக்கு முதல்ல கைக்கு மருந்து கட்டி உடுங்க. வீடு என்ட பேர்ல இரிக்கி, அவள் வந்து இங்கதான் இரிக்கணும். வீட்டுத் திறப்ப, இந்தச் சாவிய, நூஹுட பொஞ்சாதிக்கிட்ட குடுக்கன். றஸ்மி ஆஸ்பத்திரியால வந்து கேட்டாலும் குடுக்கவேணாம் எண்டு சொல்லிரிக்கன். உசிருக்கு ஒண்டுமில்ல எண்டு டொக்டர் சொன்னாராம். ஓம், சந்தோசந்தான். பெத்தவள்தானே நான்.

அபாயாவ மாட்டிட்டு வாறன், ஒரு நிமிசம்.

இல்ல மிஸ், அப்படி எழுதாதீங்க. மருமகளக் காப்பாத்துறத்துக்கு அடிச்சன் எண்டு எழுதினா அது பாதிதான். ஆஸ்பத்திரியில ஒருக்காப் பொய் சொன்னன், திரும்பச் சொல்ல மாட்டன். காயம் ரெண்டு இரிக்கித்தானே? முதலாவது அடியோட அவள்ற கைய உட்டுட்டான். முழங்கால்ல விழுந்துட்டான். அவ்வளவோட அவள இழுத்துக்கிட்டு நான் ஒழுங்கைக்கு ஓடியிரிக்கலாம். கதவும் திறந்துதான் கிடந்த. அவன் தலையப் புடிச்சிக்கிட்டு மெல்லத் திரும்பினான். ஆரு அடிச்ச எண்டு பாத்தான். பாத்துட்டு, உம்மா எண்டான்.

அதுக்குப் பொறகுதான் மிஸ் ரெண்டாவது அடிச்ச.