ஒத்திகைக்கு வரமாட்டோம்

— ஏலாதுன்னா ஏலாதுதான், இந்துமதி. நீ கிராம அதிகாரியா இருந்தா என்ன, கவர்னராவே இருந்தா என்ன. போன வருசம் மண்சரிவு ஒத்திகைன்னு சொல்லி என் நெத்தியில செவப்பு மையத் தடவி, ஸ்ட்ரெச்சர்ல படுக்க வச்சி, தோட்டத்து லயத்து வீட்டுல இருந்து ரோடு வரைக்கும் தூக்கிட்டுப் போனீங்க. மூச்சு விடாதம்மா, போட்டோல தெரியுதுன்னு ஒருத்தன் அதட்டுறான். இனிமே செத்தவளா நடிக்க என்னால ஏலாது.

— தெய்வம்மாக்கா, இந்தத் தடவை நீங்க படுக்கவே வேண்டாமுங்க. சும்மா நடந்து வந்தாப் போதும். நீங்க கிளம்பினா லயமே கிளம்பிரும். எல்லாத்தையும் கூட்டிட்டு, பாலத்தத் தாண்டி ஸ்கூல் வரைக்கும் வாங்க. அவ்வளவுதானுங்க ஒத்திகை.

— இந்த மழையிலயா?

— மழைக்கு நடத்தற ஒத்திகைய வெயில்லயா வைப்பாங்க?

— நல்லாத்தான் பேசுற. மேட்டுப்பாளையத்துல இருந்து மலையேறி வந்து எங்களுக்கு மழையக் காட்டிக் குடுக்குற.

— ஏனுங்க்கா, காலையில இருந்து டி.வி. பாக்கலீங்களா நீங்க?

— பாக்காம? கடலோரத்தையேதான் காட்டுறான். படகையெல்லாம் மேட்டுல இழுத்துப் போட்டாச்சி, துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்தியாச்சி, சனங்களக் கல்யாண மண்டபத்துல உக்கார வச்சிச் சோறு போட்டாச்சி. போடட்டும், வேணாங்கல. அவங்களும் மனுசங்கதான். ஆனா கரையக் கடந்த பொறவு அந்தப் புயலு எங்க போகும்? நேரா இந்த மலையில வந்துதான் முட்டும். முட்டுன தண்ணியெல்லாம் எங்க தலையிலதான் எறங்கும். எங்களுக்கு எந்தக் கூண்ட ஏத்துனீங்க? மலைங்கறது ஊட்டிக்கு வர்ற டூரிஸ்டு குளிருக்குத் தொப்பி போட்டுட்டுச் சுத்துற எடம்னு நெனச்சிட்டீங்களா?

— அதுக்குத்தானுங்க நான் வந்திருக்கறேன்.

— நீ ஒத்திகைக்கு வந்திருக்க. அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு. லயத்துக்குப் பின்னால மண்ணு சரியிது, ஒரு தடுப்புச் செவரு கட்டிக் குடுங்கன்னு கேட்டோம். வந்து ஒத்திகை வச்சீங்க. மறுபடியும் கேட்டோம். மறுபடியும் ஒத்திகை. செவரு கேட்டா நாடகம் போடுற ஊரு ஒலகத்துல வேற எங்கயாச்சும் உண்டா?

— ஞாயந்தானுங்க. நான் இல்லைங்கல. ஆனா அதைப் பேச இப்ப நேரமில்லீங்க.

— ஒத்திகைக்கு ஏன் இத்தன அவசரம்?

— இருட்டறதுக்குள்ள முடிக்கோணுமில்லீங்க.

— போன தடவை எட்டூருக்குத் தெரியிற மாதிரி பேனரு கட்டி, தோட்டத்துத் தொரைக்கு நாற்காலி போட்டு, அவரு வர்ற வரைக்கும் எங்கள நனைய விட்டீங்க. அன்னிக்கு ஒருத்தருக்கும் அவசரமில்ல. இன்னிக்கு பேனரும் இல்ல, தொரையும் இல்ல. நீ நிக்கிற, டிரைவர் ஷிஜோ ஜீப்ப வச்சிட்டு ரோட்டுல நிக்கிறான். எனக்கு என்னமோ சரியாப்படல.

— சின்னதா நடத்தச் சொல்லியிருக்காங்க. வாங்க்கா. காளியம்மா அக்காவ நெனச்சாவது வாங்க.

— அவ பேர நீ எடுக்காத.

— நான் வேற எதையும் நெனச்சுச் சொல்லலீங்க.

— எடுக்காதன்னா எடுக்காத. அன்னிக்கி ஒத்திகையில மைக்கப் புடிச்சி என்ன சொன்ன? சொல்லு. ஒன் வாயாலயே சொல்லு.

— சைரன் ஊதினதுக்கப்புறந்தான் கிளம்போணும்னு சொன்னேன்.

— பொறவு?

— முந்திக் கிளம்பினா வரிசை கலைஞ்சு போயிரும்னு சொன்னேன். எனக்கு எழுதிக் குடுத்ததத்தானுங்க சொன்னேன்.

— எங்களையும் திருப்பிச் சொல்லச் சொன்ன. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க மாதிரி நாங்களும் சொன்னோம். சரி, அந்த சைரன் எங்க? கொண்டாந்த ஜீப்புலயே ஏத்திட்டுப் போயிட்டீங்க. இங்க மாட்டி வச்சிட்டுப் போனா என்ன, தேயிலைக் கொழுந்து பறிக்கிறவங்க தின்னுருவோமா அத? ஐப்பசி மழையில காளியம்மா இருந்த லயத்து வீட்டுக் காம்பராவுக்குள்ள தண்ணி வந்திருச்சி. நான் ஓடிப்போயி, வாடி, மேல பேரு கூப்புடுற பெரட்டுக்களத்துக்குப் போயிருவோம்னு கூப்புடுறேன். அவ துணிமூட்டையக் கட்டிக் கையில வச்சிக்கிட்டு வாசப்படியில நிக்கிறா. சைரன் ஊதட்டும் தெய்வம்மா, ஊதுனதும் வந்துர்றேங்கறா. நான் கையப் புடிச்சி இழுக்கேன், வரிசை கலைஞ்சிரும்ங்கறா. சைரன் டவுன்ல ஏதோ ஒரு ரூம்புல கெடக்குது, இவ இங்க காதத் தீட்டிக்கிட்டு நிக்கிறா. இந்த லயத்துல ஒங்க பேச்ச நம்புன ஒரே ஆளு அவதான், வெளங்குதா? மண்ணு சரிஞ்சி மூடி, தோண்டி எடுக்கும்போதும் அவ அந்த மூட்டைய விடல.

— நானும் பாத்தனுங்க்கா.

— பாத்த. மறுநா வந்து பாத்த.

— ஆமாங்க. மறுநாள்தான் வந்தேன். என்னைத் திட்டோணும்னா வழியெல்லாம் திட்டிட்டே வாங்க. பக்கத்து ஊட்டுப் பேச்சியோட மாமனாருக்கு மூச்சு வாங்குதில்லீங்க, அவரை ஜீப்புல ஏத்திரலாம். மாத்திரையெல்லாம் எடுத்துக்கச் சொல்லுங்க. கொழந்தைகளுக்குப் போர்வை வேணும், நனையாம சுத்திக்கிட்டு வரச் சொல்லுங்க.

— போர்வை எதுக்கு?

— குளிருமில்லீங்க.

— போயிட்டுத் திரும்பி வர்ற ஒத்திகைக்குப் போர்வையும் மாத்திரையும் எதுக்கு, இந்துமதி?

— அக்கா.

— இப்ப வெளங்குது. தோட்டத்துல இருந்து ஒன்ன அனுப்பி வச்சிருக்காங்க.

— அய்யோ, இல்லீங்க.

— என்ன இல்ல? ரிட்டயர் ஆனவங்கெல்லாம் காம்பராவ விட்டு எறங்கணும்னு தொரை ஆளு வந்து சொல்லிட்டுப் போனான். கைக்கு வர வேண்டிய ரிட்டயர் பணம் வராம எறங்க ஏலாதுன்னு சொல்லி அனுப்பினேன். கீழ் லயத்துல என்ன பண்ணுனாங்க? தேர் பாக்கப் போனவங்க திரும்பி வர்றதுக்குள்ள பூட்டுப் போட்டாங்க. சட்டி பானையெல்லாம் உள்ள, சனங்க வெளிய. இப்ப எங்களையும் ஒத்திகைன்னு சொல்லி வெளிய இழுத்துட்டுப் பூட்டத்தான் பாக்குறீங்க. அஞ்சு வயசுல சிலோன்ல இருந்து கப்பலேத்தி விட்டாங்க. இங்க வந்து மூணு தோட்டத்துல இருந்து எறக்கி விட்டாங்க. ஒவ்வொரு தடவையும் ஒங்க நல்லதுக்குத்தான்னு சொல்லித்தான் எறக்கினாங்க. ஒன்னப் போல ஒரு பொம்பளைப்புள்ளைய அனுப்புனா நம்பிருவோம்னு நெனச்சிட்டாங்க போல.

— சத்தியமா அப்படி இல்லீங்க. தோட்டத்துக்கு நான் வந்ததே தெரியாதுங்க.

— அப்ப இரு. ஒங்க ஆபீசுக்கு நானே போனப் போடுறேன். இன்னிக்கி இங்க ஒத்திகை உண்டா இல்லையான்னு கேட்டுர்றேன்.

— போடாதீங்க்கா.

— ஏன் போடக் கூடாது?

— கேட்டா இல்லைம்பாங்க.

— என்ன இல்லைம்பாங்க?

— ஒத்திகை இல்லைம்பாங்க. இன்னிக்கு ஒத்திகையே கிடையாதுங்க்கா. நான் சொன்னது அத்தனையும் பொய்யி.

— அப்ப எதுக்கு வந்த?

— லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருக்குதுங்க. மத்தியானம் போயிப் பாத்தேன். கைய விட்டா முழங்கை வரைக்கும் உள்ள போகுது. உடனே போனப் போட்டு, லயத்தக் காலி பண்ணிறட்டுமான்னு கேட்டேன். மேல இருந்து உத்தரவு வரட்டும்னாங்க. மறுபடியும் கேட்டேன், வரட்டும்னாங்க. நீயா காலி பண்ணி, ஒண்ணும் நடக்காமப் போச்சுன்னா உன் வேலைக்கு நாங்க பொறுப்பில்லைன்னுட்டாங்க. அதுதான் ஒத்திகைன்னு சொல்லி ஸ்கூல் சாவிய வாங்கினேன். ஒத்திகைன்னா ஒருத்தரும் ஏன்னு கேக்கறதில்லீங்க. காளியம்மா அக்கா சைரனுக்கு நின்னாங்க. நானும் உத்தரவு வரட்டும்னு வாசப்படியில நிக்கோணுங்களா?

— வெடிப்பு எந்தப் பக்கம்?

— உங்க ஊட்டுக்கு நேர் மேலதானுங்க.

— அத ஏன்டி மொதல்லயே சொல்லல?

— சொன்னா நம்புவீங்களான்னு பயந்துட்டேன்.

— பொய் சொன்னா நம்புவோம், நெசத்தச் சொன்னா நம்ப மாட்டோம்னு ஒங்களுக்கெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தது? ஒரு நாளாச்சும் நெசத்தச் சொல்லிப் பாத்திருக்கீங்களா எங்ககிட்ட? செவரக் கேட்டா ஒத்திகை, சோத்தக் கேட்டா ஒத்திகை, இப்ப உசுரக் காப்பாத்துறதுக்கும் ஒத்திகையா? அங்க பாரு, ஷிஜோ எதுக்கு இப்பிடி ஓடியாரான்?

— மேடம், பாலத்துல வெள்ளம் கேறித் தொடங்கி. இனியும் நின்னா ஜீப்பு அக்கரைக்குப் போகாது கேட்டோ.

— பாலத்துல தண்ணி ஏறுதா, கேட்டிச்சிடா ஷிஜோ. நீ போயி வண்டியத் திருப்பி வையி. பேச்சி, ஏ பேச்சி, மாமனாரத் தூக்கிட்டு வா. அடுப்ப அணைச்சிட்டு எல்லாரும் வெளிய வாங்கடி. கோழிய விட்டுரு, சாமி படத்த விட்டுரு, புள்ளைய எடு. கதவப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிக்கங்க. தொரை பூட்டுறதுக்கு முந்தி நம்ம பூட்டு தொங்கட்டும். வரிசையெல்லாம் வேணாம், கலைஞ்சே ஓடுங்க.

— அக்கா, நீங்க முன்னால போங்க. கடைசி ஆள் வர்ற வரைக்கும் நான் இங்க நிக்கறேன்.

— நீ நிக்காத. ஒனக்கு இங்க வழுக்குற எடம் தெரியாது. நாளைக்கி ஒங்க ஆபீசுல ஒன்னக் கூப்புட்டுக் கேப்பாங்களே, என்னா சொல்லுவ?

— நடந்தத நடந்த மாதிரி சொல்லிருவேனுங்க. வேலை போனாப் போகட்டும்.

— ஒண்ணும் சொல்லாத, வாயத் தொறக்காம நில்லு. எவன் வந்து கேட்டாலும் ஒத்திகைக்குத்தான் வந்தோம்னு லயமே சேர்ந்து சொல்லும். நடிக்கத்தான எங்கள இத்தன வருசமாப் பழக்கி வச்சிருக்கீங்க.